‘லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்’ முடிவைப் படிப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

வில்லியம் கோல்டிங்கின் ‘லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்’ நாவலைப் படித்தவர்களிடம் அதன் முடிவைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில்தான் வரும். ‘நல்லவேளை, கடைசி நேரத்தில் கப்பல் வந்து காப்பாற்றியது’ என்பார்கள். இல்லையென்றால், ‘திடீரென்று ஒரு கடற்படை அதிகாரி வந்து நிற்பது கொஞ்சம் சினிமாத்தனம்’ என்பார்கள். ஒருவருக்கு முடிவு பிடித்திருக்கிறது, மற்றவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இருவருமே அந்த அதிகாரியைக் கதையின் தீர்வாகத்தான் பார்க்கிறார்கள். அங்கேதான் வாசிப்பு தடம் மாறுகிறது என்பது என் எண்ணம். நாவலில் கடைசியாக அறிமுகமாகும் பாத்திரம் அவர். போர்க்காலத்தில் விமானம் விழுந்து, பெரியவர்கள் யாரும் இல்லாத தீவில் மாட்டிக்கொண்ட ஆங்கிலேயப் பையன்களின் கதை இது. அந்தப் பையன்களை எவ்வளவு சந்தேகத்தோடு கவனித்தோமோ, அதே சந்தேகத்தோடு அவரையும் கவனிக்க வேண்டும்.

அதை எப்படிச் செய்வது என்று படிப்படியாகப் பார்க்கலாம். நாவலை இன்னும் படிக்காதவர்கள் படித்துவிட்டு வருவது நல்லது, ஏனென்றால் இங்கே எதையும் மறைத்துப் பேச முடியாது.

படி 1: கொஞ்சம் பின்னணி

நாவல் 1954 செப்டம்பரில் லண்டனில் ஃபேபர் பதிப்பகம் வழியாக வந்தது. அப்போது கோல்டிங் சாலிஸ்பரி நகரில் ஆண்கள் பள்ளி ஒன்றில் ஆசிரியர். பையன்கள் கூட்டமாக இருந்தால் என்ன செய்வார்கள் என்பதை அவர் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு முன் இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படையில் இருந்தவர். 1944இல் நார்மண்டி தரையிறக்கத்தின்போது ராக்கெட் ஏவும் படகு ஒன்றின் தளபதி. ஆக, கடைசிப் பக்கத்தில் வெள்ளைச் சீருடையில் வந்து நிற்பவர் கோல்டிங்குக்கு வெளியாள் இல்லை. அந்தச் சீருடையை அவரே போட்டிருக்கிறார். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய கையெழுத்துப் பிரதி இது. ஃபேபருக்காகப் பிரதிகளைப் படித்து மதிப்பிடுபவர்கூட ‘குப்பை, சலிப்பு’ என்கிற பாணியில்தான் குறிப்பு எழுதினார். சார்ல்ஸ் மான்டீத் என்ற இளம் ஆசிரியர்தான் அதைக் கையில் எடுத்துச் செப்பனிட வைத்தார். தொடக்கத்தில் இருந்த அணுப்போர் வர்ணனை அப்போது வெட்டப்பட்டது. அதனால்தான் இன்றைய நாவலில் போர் எங்கோ ஓரத்தில், அரைகுறைச் செய்தியாகவே கேட்கிறது. ஆனால் அது நடந்துகொண்டே இருக்கிறது. பையன்கள் வந்த விமானம் விழுந்ததும் அந்தப் போரில்தான்.

படி 2: பின்னால் போய் நான்கு இடங்களைப் பாருங்கள்

கடைசி அத்தியாயம் பன்னிரண்டாவது. அதைத் தொடும் முன் முந்தைய அத்தியாயங்களில் நான்கு இடங்களை மறுபடி படியுங்கள். நேரம் இல்லாதவர்கள் இதைத் தாண்டிவிட்டு முடிவை மட்டும் படித்தால் பாதிதான் கையில் கிடைக்கும்.

முதல் இடம், ஜாக் அறிமுகமாகும் காட்சி. கடற்கரை மணலில் பாடகர் குழுப் பையன்கள் கறுப்பு அங்கியும் கறுப்புத் தொப்பியுமாக, கொதிக்கும் வெயிலில் அணிவகுத்து வருகிறார்கள். எல்லார் தொப்பியிலும் வெள்ளி முத்திரை, தலைவன் ஜாக்கின் தொப்பியில் மட்டும் தங்க முத்திரை.

இரண்டாவது, இரண்டாம் அத்தியாயத்தில் ஜாக் பேசுவது. நமக்கு விதிகள் வேண்டும், நாம் காட்டுமிராண்டிகள் இல்லை, நாம் ஆங்கிலேயர்கள், எல்லாவற்றிலும் சிறந்தவர்கள் என்கிறான். அதைச் சொல்பவன் பின்னால் வேட்டைக் கூட்டத்தின் தலைவனாகும் ஜாக், பையன்கள் ஓட்டுப்போட்டுத் தலைவனாக்கிய ரால்ஃப் இல்லை. இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

மூன்றாவது, நான்காம் அத்தியாயத்தில் ரோஜர் கல் எறியும் இடம். ஹென்றி என்ற குட்டிப் பையன் மணலில் விளையாடிக்கொண்டிருக்கிறான். ரோஜர் மறைந்து நின்று அவனைச் சுற்றிக் கல் எறிகிறான், மேலே படாமல். ஹென்றியைச் சுற்றி ஆறு கெஜ அகலத்துக்கு ஒரு வட்டம், அதற்குள் எறிய அவனுக்குத் துணிவில்லை. பெற்றோர், பள்ளி, போலீஸ், சட்டம் எல்லாம் சேர்ந்து போட்ட வட்டம் அது. அந்த நாகரிகமே இப்போது இடிபாடாகக் கிடக்கிறது என்று கோல்டிங் போகிற போக்கில் சொல்கிறார். அந்த வட்டம் அழிந்துபோன பிறகு இதே ரோஜர்தான் பதினொன்றாம் அத்தியாயத்தில் பாறையை நெம்பிவிடுகிறான். ரால்ஃபின் பக்கம் நிற்கும், மூக்குக்கண்ணாடி போட்ட பிக்கி சாகிறான், அவன் கையிலிருந்த, பையன்கள் கூட்டம் கூட்ட ஊதும் சங்கும் நொறுங்குகிறது.

நான்காவது, ஐந்தாம் அத்தியாயத்தின் முடிவு. கூட்டம் கலைந்த பிறகு ரால்ஃபும் பிக்கியும் சைமனும் இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். பெரியவர்களுக்கு எல்லாம் தெரியும், இருட்டுக்குப் பயப்பட மாட்டார்கள், கூடி உட்கார்ந்து டீ குடித்துப் பேசித் தீர்த்துக்கொள்வார்கள் என்று பிக்கி சொல்கிறான். பெரியவர்கள் உலகத்திலிருந்து ஏதாவது ஓர் அடையாளம் வந்தால் நன்றாக இருக்கும் என்கிறான் ரால்ஃப். அடுத்த அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே வருகிறது: வானத்தில் நடந்த சண்டையில் செத்து, பாராசூட்டோடு தொங்கியபடி மலையில் வந்து விழும் ஒரு சடலம். பெரியவர்கள் உலகம் இந்தத் தீவுக்கு அனுப்பும் முதல் ஆள் அவன். இரண்டாவது ஆள், கடைசியில் வரும் அதிகாரி.

படி 3: வேட்டையை ரால்ஃபின் தலைக்குள் இருந்து படியுங்கள்

பன்னிரண்டாம் அத்தியாயத்தின் பெரும்பகுதி ஒரு மனித வேட்டை. ஜாக்கின் கூட்டம் ரால்ஃபைக் கொல்லத் தேடுகிறது. விலாவில் காயத்தோடு ரால்ஃப் புதருக்குள் பதுங்கியிருக்கிறான். விறுவிறுப்பில் வேகமாகப் புரட்டத் தோன்றும். கொஞ்சம் நிதானியுங்கள். ரால்ஃப் நல்லவன், மற்றவர்கள் கெட்டவர்கள் என்ற கணக்கு இங்கேதான் ஆட்டம் காண்கிறது.

வேட்டைக்காரர்கள் குச்சியில் செருகி வைத்திருந்த பன்றித்தலை இப்போது வெறும் மண்டையோடாக அவன் எதிரே நிற்கிறது. ரால்ஃப் அதை ஆத்திரத்தோடு அடித்து உடைக்கிறான். உடைந்து மல்லாந்த பிறகும் அது இளித்துக்கொண்டே கிடக்கிறது. அது நின்ற குச்சியைப் பிடுங்கித் தனக்கு ஈட்டியாக எடுத்துக்கொள்கிறான். அப்புறம் சாம், எரிக் என்ற இரட்டையர்கள் அவனை எச்சரிக்கிறார்கள்: ரோஜர் ஒரு குச்சியை இரண்டு முனையிலும் சீவி வைத்திருக்கிறான். அதற்கு என்ன அர்த்தம் என்று ரால்ஃபுக்குப் பிடிபடவில்லை. எட்டாம் அத்தியாயத்தைப் படித்த நமக்குத் தெரியும். ஒரு முனை தரையில் ஊன்ற, மறுமுனை தலையைச் செருக. அதே வேலைக்குச் சீவிய இன்னொரு குச்சியைத்தான் ரால்ஃப் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறான்!

யாராவது புதருக்குள் நுழைந்தால் பன்றி மாதிரி அலற வைக்கலாம் என்றும் அவன் நினைக்கிறான். வேட்டைக்காரர்களின் மொழி அவனுக்குள்ளும் வந்துவிட்டது. உறுமிக்கொண்டு பாய்கிறான், குத்துகிறான், ஒருவன் மடங்கி விழுகிறான். தப்பிக்க வேறு வழியில்லை என்பது உண்மைதான். ஆனாலும் கோல்டிங் அவனைப் பூனை போல, விலங்கு போலத்தான் எழுதுகிறார்.

இதற்கு நடுவில் எனக்கு மிகவும் பிடித்த ஓர் இடம் இருக்கிறது. அவனைப் புகைமூட்டி வெளியே துரத்தக் காட்டுக்குத் தீ வைத்துவிடுகிறார்கள். உயிருக்கு ஓடிக்கொண்டிருக்கும் ரால்ஃபுக்கு ஒரு கோபம் வருகிறது: முட்டாள்கள், தீ பழமரங்களைத் தொட்டுவிடுமே, நாளைக்கு என்ன சாப்பிடுவார்கள்? தன்னைக் கொல்ல வருபவர்களின் நாளைய சாப்பாட்டைப் பற்றிய கவலை. இந்த நாவலில் நாகரிகம் என்று எதையாவது சுட்டிக்காட்டச் சொன்னால் நான் சங்கைக் காட்ட மாட்டேன், இந்த வரியைத்தான் காட்டுவேன்.

தீயைப் பற்றி இரண்டு வரி போதும். மீட்புக்காக மூட்டிய சிறு தீயைக் காக்க முடியவில்லை, முன்பு ஒரு கப்பல் கடந்துபோன நேரத்தில் அது அணைந்து கிடந்தது. கொலைக்காக மூட்டிய பெருந்தீயின் புகைதான் கடைசியில் அதிகாரியின் கப்பலை அழைத்து வருகிறது.

படி 4: பார்வை மாறும் நொடியைப் பிடியுங்கள்

ஓடி ஓடி ரால்ஃப் கடற்கரை மணலில் விழுகிறான். கையைத் தலைக்கு மேல் தூக்கியபடி அடிக்காகக் காத்திருக்கிறான். நிமிர்ந்து பார்த்தால் ஒரு தொப்பி தெரிகிறது. வெள்ளை மேற்பகுதி, அதன் கீழே கிரீடம், நங்கூரம், தங்க இலை வேலைப்பாடு. பிறகு வெள்ளைச் சீருடை, தோள்பட்டைச் சின்னம், கைத்துப்பாக்கி, தங்க முலாம் பொத்தான் வரிசை. முகம் இன்னும் வரவில்லை, கவனித்தீர்களா? முதலில் தெரிவது சீருடைதான். பாடகர் குழுவும் முதல் அத்தியாயத்தில் இப்படித்தான் வந்தது. ஜாக்கின் தொப்பியிலும் தங்கம் இருந்தது. அதிகாரிக்குப் பின்னால் கரையேற்றிய படகில் ஒரு மாலுமி இயந்திரத் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கிறான்.

இந்த நொடியிலிருந்து நாவலின் சொற்கள் மாறுகின்றன. அதுவரை ‘காட்டுமிராண்டிகள்’, ‘தலைவன்’ என்று எழுதிவந்த கோல்டிங், ஒரே பக்கத்தில் ‘சின்னப் பையன்கள்’ என்று எழுதத் தொடங்குகிறார். உடம்பில் வண்ணக் களிமண் பூசி, கையில் கூர்க்குச்சியோடு அரைவட்டமாக நிற்கும் சின்னப் பையன்கள். ஜாக் இப்போது சிவந்த தலைமுடியில் ஒரு பழைய கறுப்புத் தொப்பியின் மிச்சத்தைப் போட்டுக்கொண்டு, இடுப்பில் உடைந்த மூக்குக்கண்ணாடியைத் தொங்கவிட்டிருக்கும் ஒரு பொடியன். இரண்டு பேரைக் கொன்ற கூட்டத்தின் தலைவனைக் கோல்டிங் பெயர் சொல்லிக்கூட அழைக்கவில்லை. பிக்கியின் கண்ணாடி அது என்றும் அவர் விளக்கவில்லை. அதிகாரிக்குத் தெரியாதது, நமக்குத் தெரியும்.

இது அதிகாரியின் பார்வை. ரால்ஃபுக்குக் குளியல் வேண்டும், முடிவெட்ட வேண்டும், மூக்கைத் துடைக்க வேண்டும், நிறைய மருந்து தடவ வேண்டும் என்று அவர் மனசுக்குள் பட்டியல் போடுகிறார். பாசமான பட்டியல்தான். ஆனால் இந்தப் பதினொன்றரை அத்தியாயங்களை நாம் பார்த்தபடி பார்க்காதவரின் பட்டியல். வாசகர்களில் பலர் இந்த இடத்தில் பெருமூச்சு விட்டு அவர் பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். கோல்டிங் வைத்த பொறி அதுதான் என்று நினைக்கிறேன்.

படி 5: உரையாடலைச் சொல் சொல்லாகப் படியுங்கள்

அதிகாரி சிரித்துக்கொண்டே கேட்கிறார்: என்ன செய்துகொண்டிருந்தீர்கள், போர் நடத்தினீர்களா? விளையாட்டாகக் கேட்கிறார். கேட்பவரே ஒரு போரின் நடுவிலிருந்து இறங்கி வந்தவர். யாரும் சாகவில்லையே என்று அடுத்து கேட்கிறார். ரால்ஃபின் பதில், இரண்டு பேர்தான், உடல்களும் போய்விட்டன என்பது. ஆட்கள் உண்மை பேசுகிறார்களா இல்லையா என்று பொதுவாகக் கண்டுகொள்ளத் தெரிந்தவர் அதிகாரி. மெல்ல விசிலடிக்கிறார்.

ஆனால் ரால்ஃபின் கணக்கு தப்பு. இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். சைமன், பிக்கி இருவர் சரி. இரண்டாம் அத்தியாயத்தில் முகத்தில் மச்சத்தழும்பு உள்ள ஆறு வயதுப் பையன் ஒருவன் வந்தானே? காட்டில் பாம்பு போல ஏதோ இருக்கிறது என்று முதலில் சொன்னவன். முதல் தீ கட்டுமீறிப் பரவிய அன்று அவன் காணாமல் போனான். அவன் எங்கே என்று பிக்கி கேட்டபோது ரால்ஃப் ஏதோ முனகினான். அதற்குப் பிறகு அவனைப் பற்றிப் பேச்சே இல்லை. அவனுடைய பெயர்கூட யாருக்கும் தெரியாது.

இந்த மரணம் நடந்தபோது முகத்தில் சாயம் பூசிய யாரும் இல்லை. சங்கு முழுதாக இருந்தது, கூட்டம் கூடியது, ரால்ஃப் தலைவனாக இருந்தான். ‘நாகரிகம்’ நடந்துகொண்டிருந்த காலத்தில் நிகழ்ந்த முதல் சாவு இது. அதனால்தான் கணக்கில் வரவில்லை.

அதிகாரி மறுபடி கேட்கிறார், மொத்தம் எத்தனை பேர்? தெரியாது. முதல் நாளே எல்லார் பெயரையும் எழுதி வைக்கலாம் என்று அலைந்தவன் பிக்கி ஒருவன்தான். அவனைக் கேலி செய்தார்கள்.

இங்கே யார் தலைவன் என்ற கேள்விக்கு ரால்ஃப் உரக்க, நான் என்கிறான். ஜாக் ஓரடி முன்னால் வந்து, பிறகு மனசு மாறி நின்றுவிடுகிறான். நாவலில் ஜாக் பின்வாங்கும் ஒரே இடம் இதுவென்று சொல்ல முடியாது, ஆனால் மிக மோசமான பின்வாங்கல் இதுதான். துப்பாக்கியோடு பெரியவர் ஒருவர் நிற்கும்போது பொறுப்பு ஏற்க அவன் தயாராக இல்லை.

குட்டிப் பையன் பெர்சிவலையும் விட்டுவிடாதீர்கள். தீவுக்கு வந்த புதிதில் யார் கேட்டாலும் முழுப்பெயர், வீடு, ஊர், டெலிபோன் எண் என்று ஒப்பிப்பான். தொலைந்துபோனால் சொல்ல வேண்டும் என்று வீட்டில் கற்றுக்கொடுத்திருப்பார்கள். ஐந்தாம் அத்தியாயத்திலேயே டெலிபோன் என்ற சொல்லோடு அது நின்றுபோய் அழுகிறான். கடைசியில், உண்மையிலேயே அதைச் சொல்ல வேண்டிய ஒரே சந்தர்ப்பத்தில், ‘நான், நான்’ என்பதைத் தாண்டி ஒன்றும் வரவில்லை.

பிறகு அதிகாரி ஏமாற்றத்தோடு சொல்கிறார், பிரிட்டிஷ் பையன்கள் இதைவிட நன்றாக நடந்துகொண்டிருக்கலாமே என்று. இரண்டாம் அத்தியாய ஜாக் பேசிய அதே பேச்சு. ‘தி கோரல் ஐலண்ட்’ மாதிரி என்றும் சேர்த்துக்கொள்கிறார். ஆர். எம். பாலன்டைன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் எழுதிய சாகச நாவல் அது. அதிலும் ரால்ஃப், ஜாக் என்ற பெயரில் பையன்கள் தீவில் மாட்டிக்கொள்கிறார்கள். அங்கே அவர்கள் உத்தமர்கள், கொடுமை எல்லாம் தீவுவாசிகளிடம். அந்தப் புத்தகத்தைப் படித்து வளர்ந்த அதிகாரிக்கு எதிரே நிற்பது இன்னதென்று புரியவில்லை.

படி 6: அழுகையைப் பிரித்துப் படியுங்கள்

ரால்ஃப் அழுகிறான், மற்றவர்களும் அழுகிறார்கள். ஏன் அழுகிறான் என்பதற்குக் கோல்டிங் மூன்று காரணம் தருகிறார்: களங்கமின்மை முடிந்துபோனது, மனித மனத்தின் இருள், பிக்கி என்ற உண்மையான, அறிவுள்ள நண்பன் காற்றில் விழுந்த அந்த வீழ்ச்சி. முதல் இரண்டும் எவரும் மேடையில் சொல்லக்கூடியவை. மூன்றாவதில்தான் ஓர் ஆள் இருக்கிறான். நாவல் முழுக்க ரால்ஃப் பிக்கியை நண்பன் என்று மதித்ததே குறைவு. அந்தப் பட்டப்பெயரை எல்லாருக்கும் முதலில் போட்டுக்கொடுத்தவனே அவன்தான்.

சைமன் பெயர் இந்தப் பட்டியலில் இல்லை. ஒன்பதாம் அத்தியாயத்தில் சைமனைச் சூழ்ந்து அடித்த வட்டத்தில் ரால்ஃபும் இருந்தான். மறுநாள் அது கொலை என்று வாய்விட்டுச் சொன்னவனும் அவன்தான், பிக்கி அதை விபத்து என்று மழுப்பினான். எனவே களங்கமின்மை போனதற்கான அழுகை என்றால், மற்றவர்கள் கெட்டுப்போனதற்கான அழுகை மட்டும் என்று வாசிக்கக் கூடாது. தன் கையையும் சேர்த்துத்தான் அழுகிறான்.

படி 7: அதிகாரி எங்கே பார்க்கிறார்?

அழுகிற பையன்களைப் பார்க்க அவருக்குச் சங்கடம். அவர்கள் சமாளித்துக்கொள்ள நேரம் கொடுத்துவிட்டுத் திரும்பி, தூரத்தில் நிற்கும் தன் போர்க்கப்பல் மேல் பார்வையை வைக்கிறார். நாவல் முடிந்துவிட்டது.

கோல்டிங் பின்னர் பதிப்பாளரின் கேள்வித்தாளுக்கு எழுதிய பதிலில் இதையே விளக்கினார். மனித வேட்டையைத் தடுத்த அதிகாரி பையன்களை ஏற்றிச் செல்லும் கப்பல், சற்று நேரத்தில் அதே இரக்கமின்மையோடு தன் எதிரியை வேட்டையாடப் போகிறது. அப்படியானால் அந்தப் பெரியவரையும் அவர் கப்பலையும் யார் மீட்பது என்று கேட்டார். இப்போது படி 1இல் சொன்னதைச் சேர்த்துப் பாருங்கள். கேட்டவர் அந்தக் கப்பலில் இருந்தவர்.

படி 8: நாவலோடு சண்டை போடுங்கள்

வழிபட்டுக்கொண்டே படிக்கத் தேவையில்லை. எனக்கு இரண்டு மனத்தாங்கல் உண்டு.

ஒன்று, ‘காட்டுமிராண்டி’ என்ற சொல். ஆங்கிலேயப் பையன்களே அப்படி ஆகலாம் என்று காட்டி ஏகாதிபத்தியப் பெருமையைக் கோல்டிங் உடைக்கிறார், சரி. ஆனால் அப்படி ஆவதைக் காட்ட அவர் பயன்படுத்தும் படிமங்கள் எல்லாம் முகச்சாயம், ஈட்டி, நடனம், ஊளை. காலனிய சாகசக் கதைகள் பழங்குடிகளுக்குப் பூட்டிய அதே சாமான்கள். முதல் பிரிட்டிஷ் பதிப்பில் பிக்கியின் வாயில் கறுப்பின மக்களை இழிவு செய்யும் ஒரு சொல்லே இருந்தது, பிற பதிப்புகளில் மாற்றினார்கள்.

இரண்டாவது, இதை மனித இயல்புக்கு நிரூபணமாகத் தூக்கிப்பிடிப்பவர்கள். 1965 ஜூனில் டோங்கா நாட்டு நுகுஅலோஃபாவில் ஆறு பள்ளிப் பையன்கள் சொல்லாமல் ஒரு படகை எடுத்துக்கொண்டு கிளம்பி, புயலில் சிக்கி, ஆட்டா என்ற ஆளில்லாத் தீவில் ஒதுங்கினார்கள். 1966 செப்டம்பரில் ஆஸ்திரேலியரான பீட்டர் வார்னர் தன் மீன்பிடிப் படகில் அவர்களைக் கண்டெடுக்கும்வரை சுமார் பதினைந்து மாதம். அடுப்புத் தீயை அணையவிடாமல் காத்தார்கள், முறைவைத்து வேலை செய்தார்கள், ஒருவனுக்குக் கால் உடைந்தபோது மற்றவர்கள் கட்டுப்போட்டுக் குணப்படுத்தினார்கள். பாலன்டைன் வகைக் கதைகளில் இந்தப் பசிபிக் தீவுக்காரர்கள்தான் காட்டுமிராண்டிகளாக வருவார்கள் என்பதையும் யோசியுங்கள். இதனால் நாவல் பொய்யாகிவிடாது, அது புனைவு. குறிப்பிட்ட ஒரு பள்ளி மரபில், ஒரு போர்க்காலத்தில் வளர்ந்த பையன்களைப் பற்றிய புனைவு என்று அளவோடு பிடித்துக்கொள்ளலாம்.

படி 9: தேர்வுக்கோ கட்டுரைக்கோ எழுதுகிறவர்களுக்கு

‘ரால்ஃப் என்றால் ஜனநாயகம், ஜாக் என்றால் சர்வாதிகாரம், பிக்கி என்றால் அறிவியல், சைமன் என்றால் ஆன்மிகம்’ என்று நோட்ஸில் இருக்கும் பட்டியலை ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிடுங்கள். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டால் சைமனை அடித்த வட்டத்தில் ரால்ஃப் என்ன செய்துகொண்டிருந்தான் என்ற கேள்விக்குப் பதில் எழுத முடியாது. ‘முடிவு நம்பும்படி இருக்கிறதா’ என்ற கேள்வி வந்தால், கப்பல் வருவது தற்செயலா என்று விவாதிக்காமல், புகை எதற்காக மூட்டப்பட்டது என்பதிலிருந்து தொடங்குங்கள். ‘நாகரிகமும் காட்டுமிராண்டித்தனமும்’ என்று வந்தால் இரண்டு தொப்பிகளையும் எடுத்துக்கொள்ளுங்கள், ஜாக்கினதும் அதிகாரியினதும். ‘களங்கமின்மையின் இழப்பு’ என்று வந்தால் மச்சத்தழும்புப் பையனில் தொடங்கி ரால்ஃபின் ‘இரண்டு பேர்தான்’ வரை போகலாம். மேற்கோள்கள் மூன்றுக்கு மேல் வேண்டாம், மூன்றும் கடைசி நான்கு பக்கங்களிலிருந்தே இருந்தாலும் பரவாயில்லை.